பங்கீட்டுவலு

தமிழ்நாட்டுப் பாடநூல் சகப்பிணைப்பு என்று சொல்வதை இலங்கைப் பாடநூல் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்று சொல்கிறது. இரண்டுமே ‘கோவேலன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் ஆக்கிக்கொண்டவை.

ஆங்கிலச் சொல்லின் வேர் வலிமையைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் இத்தனை அணுக்களோடுதான் சேரும் என்றொரு கணக்கு உண்டென்று 1852இல் எட்வர்ட் பிராங்க்லாண்ட் எழுதினார். அந்தக் கணக்குக்குப் பின்னால் வந்தவர்கள் ‘வேலன்சி’ என்று பெயரிட்டார்கள். நமக்கு அது இணைதிறன், இலங்கையில் வலுவளவு. அந்த வலு எங்கிருந்து வருகிறது என்று அன்று எவருக்கும் தெரியாது. எலக்ட்ரானே 1897இல்தான் பிடிபட்டது.

1916இல் கலிபோர்னியாவின் கில்பர்ட் லூயிஸ் விடை சொன்னார்: இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வதுதான் பிணைப்பு. அந்த ஜோடியை இரண்டு புள்ளிகளாக எழுதியும் காட்டினார். 1919இல் இர்விங் லாங்மியூர் இதற்குக் ‘கோவேலன்ஸ்’ என்று பெயர் வைத்தார்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள். அந்தக் கூடு நிறைய எட்டு வேண்டும், இரண்டு குறைகிறது. ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒன்று, வேண்டியது இன்னும் ஒன்று. ஆகவே ஓர் ஆக்சிஜனோடு இரண்டு ஹைட்ரஜன் ஆளுக்கொரு ஜோடி வைத்துச் சேர்கின்றன. ‘எச் டூ ஓ’ என்பதில் வரும் அந்த இரண்டு, இந்தக் குறையின் கணக்கு. இது தெரியாத காலத்தில் ஜான் டால்டன் தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றே எழுதினார். நான்கு குறையும் கார்பன் நான்கு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு மீத்தேன் ஆவதும் இதே வழியில்தான்.

‘சக’ என்பது கூட இருப்பதை மட்டும் சொல்கிறது. எதைக்கொண்டு கூடின என்பதைச் சொல்வது ‘பங்கு’தான். பங்கிடுவது என்றால் பிரித்துக்கொண்டு போவதல்லவா என்று கேட்கலாம். கிணற்றில் பங்கு என்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். கிணற்றை யாரும் கூறுபோடுவதில்லை. பங்குக்காரர் எல்லாருக்கும் அது முழுக்கிணறுதான். அப்படியே அந்த இரண்டு எலக்ட்ரான்களும் இரு அணுக்களின் கணக்கிலும் முழுதாக நிற்கின்றன. லூயிஸ் கண்டது இதைத்தான்.

பங்கு என்றால் சமபங்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீரில் ஆக்சிஜன் அந்த ஜோடியைத் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது. அதனால் அதன் பக்கம் சற்றே எதிர்மின்னூட்டமும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்னூட்டமும் ஏறுகின்றன. உப்பு தண்ணீரில் கரைவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

பிள்ளைக்குச் சொல்லிலேயே பாடத்தில் பாதி விளங்கிவிட வேண்டும். அந்த வகையில் இலங்கைத் தமிழர் ஆக்கிய சொல்லே மேல். தமிழ்நாட்டுப் பாடநூல் எழுதுவோர் சகப்பிணைப்புக்குப் பக்கத்திலாவது அதை அச்சிட வேண்டும்.