பூனைக்கு மாத்திரை, பின்னர் தண்ணீர்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பூனைக்குச் சளி கட்டிக் கண்களில் பீளை தள்ளியது. கால்நடை மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதித் தந்தார். மாத்திரையை வாயில் போட்டுத் தொண்டையை நீவிவிட்டால் வேலை முடிந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். "தண்ணீர் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்" என்று அவர் இருமுறை சொன்னதன் பொருள் பின்னரே விளங்கியது.

வெறுமனே விழுங்கிய மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் பல நிமிடங்கள் தங்கிவிடக்கூடும். டாக்ஸிசைக்ளின் அங்கேயே கரைந்தால் உட்சுவர் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குழாய் குறுகும். சில நாள்கள் கழித்து, உண்டதைப் பூனை அப்படியே கக்கத் தொடங்கும். கிளிண்டாமைசினிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே மாத்திரை கொடுத்ததும், ஊசியற்ற சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்து வேகமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வாய் உணவு கொடுப்பதும் நல்லதே. பால் மட்டும் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் டாக்ஸிசைக்ளினைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

என்னை அதிகம் அச்சுறுத்துவது வேறொன்று: நாய்க்கு வாங்கி மீந்த மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கும் வழக்கம். என்ரோஃப்ளாக்சசினை எடுத்துக்கொள்வோம். பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரை பழுதாகிப் பார்வையே போகலாம். நான்கு கிலோ பூனைக்கு உச்ச அளவு 20 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மாத்திரையில் கால்பங்கே 37.5 ஆகிவிடுகிறது! கண்ணளவில் உடைப்பது எவ்வளவு விபரீதம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத இம்மருந்துகளைக் கேட்டவுடன் எடுத்துத் தரும் கடைகளுக்கும் இதில் பங்குண்டு. (காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்போரும் உளர். பூனையின் கல்லீரலால் அதை முறிக்க இயலாது. சிறு அளவே உயிரைப் பறிக்கும்.)

பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, நம் எடையைக் கழித்தால் அதன் எடை கிடைத்துவிடும். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இருமல் நின்றதென்று மருந்தை நாமாக நிறுத்துவது தவறு. எஞ்சிய கிருமி மீண்டும் தலைதூக்கலாம். வாயில் நுரை தள்ளினால் பெரும்பாலும் கசப்பே காரணம், பதற வேண்டாம். முகம் வீங்கினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, இரை எடுக்க மறுத்தாலோ, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்கும் முன் மருத்துவரை அழையுங்கள்.