பொறாட்டு நாடகத்தில் சோத்தியக்காரன்: பாலக்காட்டு எல்லையில் எள்ளலும் பேதைமையும்

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். பொதுவாக எள்ளுவோன் ஒருவன், பேதை மற்றொருவன். இவ்விரண்டும் ஒருவனிடத்தே கூடுமாயின், எதிரே நிற்பவரை மதியாமலும் அவர் கூறும் விடையை விளங்கிக்கொள்ளாமலும் மேன்மேலும் வினவிக்கொண்டே இருக்கும் விந்தையான பாத்திரம் ஒன்று தோன்றுகின்றது. 1975இல் ஆசுத்திரேலியத் தொலைக்காட்சியில் கேரி மெக்டொனால்டு என்னும் நடிகர் நார்மன் கன்ஸ்டன் என்ற பெயரில் இத்தகைய நேர்காணுநர் ஒருவரை நடித்துப் புகழ்பெற்றார். மேலை நாட்டு ஊடக ஆய்வுகள் இதனைத் தொலைக்காட்சிக் காலத்துப் புதுமையாகக் கருதக்கூடும். ஆயின், பாலக்காட்டு வயல்வெளிகளில் இரவெல்லாம் நிகழ்ந்துவந்த பொறாட்டு நாடகம் இப்பாத்திரத்தை முன்பே அறிந்திருந்தது. அங்கு அவன் பெயர் சோத்தியக்காரன். வினவுவோன் என்பது பொருள்.

பாணன்களி அல்லது பாங்களி என்றும் வழங்கும் பொறாட்டு நாடகம் பாலக்காட்டுப் பாணர் சமூகத்தாரின் கலையாகும். பொறாட்டு என்னும் சொல் மலையாளத்தில் வேடிக்கை, போலி நடிப்பு என்னும் பொருள்களைத் தரும். பாணர் என்ற பெயரைக் கண்டவுடன் சங்கப் பாணரோடு முடிச்சிடும் ஆர்வம் தமிழாய்வில் மிகுதி. பெயரொப்புமை ஒன்றையே கொண்டு ஈராயிரம் ஆண்டுகளைத் தாண்டுதல் அவசரமானது. விடியலில் வீடுதோறும் சென்று துயிலுணர்த்துப் பாட்டுப் பாடுவதும் கேரளப் பாணர்க்குரிய வழக்கமாக இருந்தமையை ஈண்டு நினைவிற் கொள்ளல் போதும்.

இந்நாடகத்தில் தொடர்கதை இல்லை. கடவுள் வாழ்த்திற்குப் பின்னர்த் தாசி, மண்ணான்–மண்ணாத்தி, செறுமன்–செறுமி, குறவன்–குறத்தி எனப் பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராகவும் இணைகளாகவும் வந்து பாடி ஆடுவர். பெண் வேடங்களையும் ஆடவரே புனைவது மரபு. இவ்வாறு துண்டு துண்டாக நிற்கும் காட்சிகளை ஓர் இரவின் நாடகமாகக் கோப்பவன் சோத்தியக்காரனே. வந்தவரை மறித்து, யார், எவ்வூர், எதற்காக வந்தாய் என்று அவன் கேட்கின்றான். விடை வந்தபின் அதனைத் திரித்துப் பொருள்கொண்டு மீண்டும் கேட்கின்றான். அவனுடைய அறியாமையே பாத்திரத்தை வளர்க்கின்றது. இடுக்கி மாவட்டத்து மன்னான் பழங்குடியினரின் கூத்திற்குக் கோவலன்–கண்ணகி கதை இருக்கின்றது. கதையுள்ள கூத்திற்குக் கதையே நூலாகும். கதையற்ற பொறாட்டிற்கோ கேள்விதான் நூல்.

தமிழகத் தெருக்கூத்தின் கட்டியங்காரன் இங்கு உடனே நினைவுக்கு வருவான். அவனும் அரங்கேறும் அரசனை அடையாளம் தெரியாதவன்போல் வினவி, அவன் பெருமிதத்தைக் குலைப்பவனே. இருவரும் ஒரே பணியைச் செய்கின்றனர் என்பது வெளிப்படை. ஆனால் பணியொப்புமை கடன்பெற்றமைக்குச் சான்றாகாது. மேலும், இருவரிடையே உள்ள வேற்றுமை ஒப்புமையினும் ஆராயத்தக்கது. கட்டியங்காரன் ஏவலன், அவன் எள்ளுவது அரசனை. எள்ளல் அங்குக் கீழிருந்து மேல் நோக்கிச் செல்கின்றது. சோத்தியக்காரன் முன் நிற்பவரோ துணி வெளுப்போரும், வயலில் உழைப்போரும், கூடை முடைவோரும் ஆவர். எளியோரை அதட்டி வினவுவதில் நகைக்கத்தக்கது யாது?

இவ்வினாவிற்கு விடை காண அக்காலப் பேச்சொழுங்கை அறிதல் வேண்டும். செறுமர் மலபாரில் அடிமைச் சமூகமாக இருந்தவர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே அடிமை முறைக்குச் சட்டக் காப்பினை நீக்கிற்று. சட்டம் மாறிய பின்னரும் தீண்டற் தொலைவு உடனே மாறவில்லை. ஒடுக்கப்பட்டோர் மேற்சாதியார் முன் தம்மை ‘அடியன்’ என்றும், தம் குடிசையைக் ‘குப்பமாடம்’ என்றும் தாழ்த்திக் கூறவேண்டியிருந்தது. யார், எவ்வூர், எதற்காக வந்தாய் என்பன வழியில் அவர்களிடம் நாள்தோறும் அதிகாரக் குரலில் கேட்கப்பட்ட கேள்விகளே. சோத்தியக்காரன் அக்குரலையே அரங்கிற்குக் கொண்டுவருகின்றான். ஆனால் அதனை ஒரு மூடனின் வாயில் வைக்கின்றான். கேட்பவன் ஒன்றும் அறியாதவன் ஆதலின், செறுமி தன் தொழிலையும் துயரையும் விரித்துரைக்க இடம் கிடைக்கின்றது. ஊரில் சுருக்கமாக, தலைகுனிந்து தரவேண்டியிருந்த விடை அரங்கில் பாட்டாகவும் ஆட்டமாகவும் நீள்கின்றது. நகைப்பு விடை கூறுபவர்மேல் விழாது கேட்பவன்மேல் விழும்படி பேதைமை காக்கின்றது எனலாம்.

இக்காப்பு எப்போதும் முழுமையானதன்று. ஆலத்தூர், சிற்றூர் வட்டாரங்களில் நாயர் சமூகத்தார் ஆடும் கண்யார்களியிலும் பொறாட்டு உண்டு. அங்கும் உழைக்கும் சாதியாரும் மலைவாழ் மக்களும் வேடமாகின்றனர். மேற்சாதியார் கீழ்ச்சாதி வேடம் புனைந்து தம் ஊரவர் முன் ஆடும்போது, அதே கேள்வி வேறு பொருள் கொள்கின்றது. தாமும் ஒடுக்கப்பட்டவரான பாணர் ஆடும்போதும், சிரிப்பு யாரைச் சுடுகின்றது என்பது அன்றைய அவையின் அமைப்பைப் பொறுத்ததாகவே இருந்திருக்கும். இரு பொறாட்டுகளையும் ‘நாட்டுப்புற நகைச்சுவை’ என்னும் ஒரே தலைப்பில் அடக்குவோர் இவ்வேற்றுமையைக் கைவிட்டுவிடுகின்றனர்.

மொழி எல்லையும் இந்நகைக்கு ஊற்றாகும். பாலக்காடும் ஆலத்தூரும் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. சிற்றூரோ கொச்சி அரசின் தனித்த பகுதியாக விளங்கிற்று. 1956 நவம்பர் 1இல் இவை யாவும் கேரளத்தில் இணைந்தன. கணவாயின் வழியே கொங்கு நாட்டோடு இடையறாப் போக்குவரவு இருந்தமையால், பொறாட்டின் பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமும் விரவியனவாக அமைந்தன. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் தொகை பெருகியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் தொழிலோடுதான். பாலக்காட்டின் மொழிக்கலப்பு அதனின் வேறான நெடிய வரலாறுடையது. ஒருவர் ‘வெள்ளம்’ என்றால் தமிழ்க்காது பெருக்கினை எண்ணும். மலையாளக்காது குடிநீரை எண்ணும். ‘பட்டி’ தமிழர்க்கு ஊர் அல்லது தொழுவம், மலையாளிக்கு நாய். இவ்விரு பொருளையும் ஒருங்கே அறிந்த அவை, ஒன்றை மட்டும் அறிந்தவன்போல் நடிக்கும் வினவுவோனைக் கண்டு நகைப்பது இயல்பே. அந்நகை எல்லைப்புற மக்களின் இருமொழிப் புலமையைச் சார்ந்தது.

பொறாட்டுப் பாடல்களைத் தொகுப்பது எளிது. அவை ஓரளவு நிலைத்த வடிவுடையன. சோத்தியக்காரனின் கேள்விகளோ பெரிதும் அரங்கிலேயே பிறந்து அவ்விரவோடு மறைவன. பாட்டை மட்டும் பதித்துக் கேள்வியை விட்டால், எஞ்சுவது தனிப்பாடல் திரட்டே, நாடகம் அன்று. பதிப்பாளர்க்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. அரங்கில் ஒலித்த ‘வெள்ளம்’ தமிழ் எழுத்தில் அச்சேறினால் வாசிப்பவர்க்குப் பெருக்காகவும், மலையாள எழுத்தில் ஏறினால் நீராகவும் மட்டுமே நின்றுவிடுகின்றது.