மாத்தளைக் குளங்களும் மோட்டரும்

கடற்காற்று எட்டாத மாத்தளை மாவட்டத்தில் மீன்பிடி வள்ளத்துக்கு எந்த மோட்டர் உகந்தது என்று விசாரிப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் கண்டலமக் குளக்கரையிலோ கலேவெலைப் பக்கத்துத் தேவஹூவக் குளக்கரையிலோ விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு, இத்தனை வள்ளங்கள் இருந்தும் இயந்திர ஓசை ஏறக்குறைய இல்லையே என்பதுதான் முதலில் மனத்தில் படும். பக்கமிதவை பூட்டிய ஒடுங்கிய கண்ணாடியிழை ஓடத்தில் இருவர். ஒருவர் பின்னிருந்து சப்தமின்றித் துடுப்பிட, மற்றவர் வலையை மடிமேல் இழுத்து, கண்ணியில் செவுள் சிக்கிய திலாப்பியாவை ஒவ்வொன்றாக விரலால் நெகிழ்த்தி எடுக்கிறார்.

இந்தத் தொழில் இங்கே பழையதன்று. குளங்கள் புராதனமானவையாயினும், அவற்றை நம்பிச் சந்தைக்கு மீன் அனுப்பும் ஜீவனோபாயம், 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்க இனமான திலாப்பியா இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்ட பின்னரே வேரூன்றியது. அதே தசாப்தத்தில்தான் கரையோர மீனவர் இயந்திரப் படகுகளை நாடத் தொடங்கினர். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்பலகையில் மாட்டும் சிறிய இயந்திரத்தின் வழித்தோன்றல்கள், கடலில் தூரத்தையும் நீரோட்டத்தையும் வெல்லும் சாதனங்களாயின. குளத்திலோ வலை விரிக்கும் இடம் கூப்பிடு தூரத்தில். அங்கே வேகத்துக்கு என்ன அவசியம்?

அவசியமின்மை ஒரு காரணமெனில், நீரின் சுபாவம் மற்றொரு காரணம். 1939இல் இலங்கைக்கு வந்துசேர்ந்து பல நீர்நிலைகளைப் போர்த்திய சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்ச்செடி, இயந்திரத்தைக் குளிர்விக்க நீர் உறிஞ்சும் துவாரத்தை அடைத்துவிடக்கூடியது. பக்கத்தில் பீச்சியடிக்கும் மெல்லிய நீர்த்தாரை நின்றதைக் கவனியாதவர் சில நிமிஷங்களில் இயந்திரத்தை எரியவிட்டுவிடுவார். காடு மூழ்கிய நீர்த்தேக்கங்களில் மரக்கட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். சுழலி அவற்றில் மோதினால், பற்சக்கரத்தைக் காப்பதற்கென்றே அச்சில் செருகிய சிறு ஊசி முறிந்து, வள்ளம் நடுக்குளத்தில் நின்றுவிடும். மிதக்கும் வலைகளின் மேல் சுழலி ஓடினால் நஷ்டம் அயலாருக்கும் சேர்த்தே. ஒடுங்கிய ஓடத்தில் இயந்திரத்தை இறுக்குவதற்கு அகன்ற பின்பலகையும் இல்லை.

ஆகவே துடுப்பை வறுமையின் சின்னமாகக் கருதுவோரின் அபிப்பிராயத்தை நான் ஏற்பதில்லை. குளத்து மீனவரை வருத்தியது வேறு: 1990இல் சமய ஆட்சேபத்தின் பேரில் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை அரசு விலக்கிக்கொண்டு, 1994இல்தான் அதை மீண்டும் வழங்கியது. மேற்பார்வையற்ற அந்த ஆண்டுகளில் சிறுகண் வலைகள் பெருகின. குறைந்தபட்சக் கண்ணளவாக விதிக்கப்பட்ட 8.5 சென்றிமீற்றரை எவர் மதிப்பார்? குஞ்சு மீனை வாரிச் செல்லும் கைக்கு மோட்டரும் கிடைத்திருந்தால் குளம் என்னவாகியிருக்கும் என்று எண்ணுகையில் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆனால், இதே மாவட்டத்தில் 2018இல் திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்தை நீர்த்தேக்கத்தின் விரிவு வேறு விதமானது. காற்று எழுந்தால் துடுப்பு தளரும் நீர்ப்பரப்பு அது. அத்தகைய இடத்துக்கு மோட்டர் வாங்க நினைப்பவர் முதலில் குதிரைவலுவைக் கேளாது பின்பலகையின் உயரத்தை அளப்பாராக: 15 அங்குலத்துக்குக் குறுந்தண்டும், 20 அங்குலத்துக்கு நெடுந்தண்டும் பொருந்தும். தண்டு குறைந்தால் சுழலி காற்றைக் கடைந்து வீணாய்ச் சுழலும்; மிகுந்தால் அடியிலுள்ள கட்டையைத் தேடிச் சென்று முட்டும். இரண்டு பேரும் ஒரு பெட்டி மீனும் ஏறும் வள்ளத்துக்குச் சிறிய இயந்திரமே தாராளம். துடுப்பை மட்டும் கரையில் விட்டுச் செல்ல வேண்டாம். வலையை அணுகும்போது இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பால்தான் கிட்டே போகவேண்டும்.