கிரயத்துக்கும் குடிபுகுதலுக்கும் நடுவே

திருவண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலைக்கு மேற்கே, ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தைச் சார்ந்து விளங்கும் அடி அண்ணாமலை, மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியருளிய தலம் என்று பரம்பரையாகப் போற்றப்பெற்று, அவருக்கென ஒரு கோயிலையும் உடையதாய், நெடுங்காலம் வேர்க்கடலையும் நெல்லும் விளையும் பூமிகளுக்கு நடுவே ஒரு சிறு கிராமமாகவே இருந்துவந்தது. பௌர்ணமி கிரிவலம் லட்சக்கணக்கான ஜனங்களின் வழக்கமாகப் பரவிய கடந்த சில பத்தாண்டுகளில் பாதையோரத்து மனைகளின் மதிப்பு ஏற ஏற, பூர்விகமாக அங்கே குடியிருந்த கிரகஸ்தர்கள் பலர் முன்னே ஒரு கேள்வி வந்து நின்றது: நல்ல விலை வரும்போதே இருக்கும் வீட்டைக் கிரயம் செய்துவிட்டு வேறு வீடு தேடுவதா, வேறு வீட்டை நிச்சயம் செய்துகொண்ட பிறகே இதைக் கைவிடுவதா?

இதற்கு நம் முன்னோர் வகுத்திருந்த வழியை அறியச் சாசனங்களைத்தான் முதலில் நாட வேண்டும். அண்ணாமலையார் கோயிற் சுவர்களில் சோழர் காலம் முதல் விஜயநகர காலம் வரை பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள். சோழர் காலத்து விலைச் சாசனங்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், நிலத்தின் நான்கெல்லையும் சொல்லி, இசைந்த விலையை ஆவணக்களரியிலேயே கையிற் பற்றிக்கொண்டதாகக் கூறி, இனி இதற்கு வேறோர் ஓலை காட்டக் கடவதில்லை என்று உறுதி செய்யும் முறை ஒன்று அவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. பணம் கைமாறிய அந்தக் கணத்திலேயே பாத்தியம் முழுவதும் கைமாறிவிடும். விற்றவனுக்கு மீளும் வழி கிடையாது. எழுத்துக்கு அக்காலத்தார் அளித்த மதிப்பு எவ்வளவு என்பதற்குப் பெரியபுராணம் சாட்சி. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் சுந்தரரை அடிமை என்று வழக்காடிய முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் வழக்கை நிரூபிக்கச் சொல்கிறார்கள். படியோலை கிழிக்கப்பட்ட பிறகும் மூலவோலையே வழக்கைத் தீர்த்துவைக்கிறது.

விலை ஆவணம் இத்துணை இறுதியானதாக இருந்தபடியால், குடியிருக்கும் வீட்டைக் கிரயம் செய்வதைக் குடும்பஸ்தர்கள் கடைசி உபாயமாகவே கருதினார்கள் என்பது என் துணிபு. அவர்களுக்கு ஒற்றி என்னும் வேறொரு வழி இருந்தது. பூமியையோ வீட்டையோ பொருளுக்கு ஈடாக ஒருவர் வசம் ஒப்புவித்து, அதன் அனுபவத்தை வட்டிக்குப் பதிலாக அவர் கொள்ளச் செய்து, முதலைத் திருப்பிக் கொடுத்த நாளில் மீட்டுக்கொள்ளும் இந்தச் சம்பிரதாயத்தில், கையில் பணமும் வந்தது, சொத்தின் பாத்தியமும் போகவில்லை. கிடைத்த பொருளைக்கொண்டு வேறோர் ஊரில் ஒரு வீட்டையோ நிலத்தையோ பார்த்துக்கொண்டு, அது கைகூடிய பின் பழையதை விற்பதோ மீட்பதோ அவரவர் வசதி. இடைக்காலத்தில் மைத்துனர் வீட்டிலோ சிற்றப்பா வீட்டிலோ தங்குவதை எவரும் குறைவாக நினைத்ததில்லை. கூட்டுக் குடும்பம் இருந்த காலத்தில் அந்தச் சில மாதங்களுக்கு வாடகை என்ற பேச்சே எழவில்லை.

இருந்த இடத்தை முதலில் இழந்து, பின்னர் புகலிடம் தேடி இந்த மலையடிவாரத்துக்கு வந்தவர்களும் உண்டு. டில்லிப் படைகளால் துவாரசமுத்திரம் சூறையாடப்பட்டபின், ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலிருந்தே அரசு செலுத்தினார். கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, மதுரை வீட்டைத் துறந்து இவ்வூருக்கு வந்த ரமணர், ஆயிரங்கால் மண்டபம், பாதாளலிங்கக் குகை, குருமூர்த்தம், பவழக்குன்று, விருபாட்ச குகை என்று இடம் மாறி மாறித் தங்கினார். 1916இல் அவருடைய தாயார் அழகம்மாளும் வந்து அவருடனேயே தங்கிவிட்டார். மன்னருக்குச் சேனை இருந்தது, துறவிக்குத் தேவை ஏதுமில்லை. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளையும் வயோதிகத் தாய் தந்தையரையும் வைத்துக்கொண்டிருக்கும் இல்லறத்தான் இவர்களை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

ஆங்கில ஆட்சியில் இந்தச் சம்பிரதாயங்கள் சட்டத்தின் சட்டகத்துக்குள் வந்தன. 1864ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தையும் அதன் பின் வந்தவற்றையும் தொடர்ந்து எழுந்த 1908ஆம் வருஷச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்தின் கிரயத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்றது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அனுபவ ஒற்றியை அடைமானத்தின் ஒரு வகையாக ஏற்றுக்கொண்டதோடு, கிரய ஒப்பந்தம் மாத்திரமே சொத்தில் எவருக்கும் பாத்தியத்தை உண்டாக்காது என்றும் தெளிவாக்கியது. இது பெரிய மாறுதல். அச்சாரம் வாங்குவதற்கும் பத்திரம் பதிவாவதற்கும் நடுவே ஓர் இடைவெளி சட்டப்படியே அமைந்துவிட்டது. வாங்குகிறவர் பின்வாங்கலாம், விற்கிறவர் மனம் மாறலாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குத் தொடுப்பதற்குக் குறித்த தேதியிலிருந்து மூன்று வருஷம் கெடு உண்டென்றாலும், அதுவரை அந்தக் குடும்பம் எங்கே குடியிருப்பது என்பதற்குச் சட்டத்தில் விடை கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்பி வந்திருப்பது வட தமிழகத்து ஊர்களில் இன்றும் வழங்கும் போக்கியம். ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிச் சில வருஷம் குடியிருந்து, காலி செய்யும்போது கொடுத்த தொகையை முழுதும் திரும்பப் பெறுவது அதன் முறை. வீட்டை விற்றவர்கள் கிரயப் பணத்தில் ஒரு பங்கைப் போக்கியத்தில் வைத்துவிட்டு, மீதியை வங்கியில் போட்டு, அவசரமின்றி மனை பார்க்கலாம். முதல் கரையாமல் காக்கும் ஏற்பாடுகளில் இதைவிடச் சிறந்ததாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இதிலும் ஓர் இடர் உண்டு. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டால், அடுத்த போக்கியதாரர் வந்து பணம் கட்டும் வரையில் இவருக்குத் திரும்பி வராது. தமக்குப் பிடித்த வீடு விலைக்கு வந்த வேளையில் பணம் முடங்கிக் கிடக்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டமாயிருந்தும், வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு விட்டுவிடுகிறவர்களே அதிகம். அந்த அலட்சியத்தைக் காணும்போது எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு தாளில் அல்லவா நிற்கிறது!

பஞ்சாங்கமும் இதில் குறுக்கிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழா நடத்துவதில்லை. பத்திரப் பதிவையும் ஆடியில் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். ஆனி மாதக் கடைசியில் வீட்டை ஒப்படைத்தவர்கள் ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தாக வேண்டும். இதனை அறிந்த தரகர்கள் கெடுவை அதற்கேற்பவே குறிப்பார்கள். வருமான வரிச் சட்டமும், வீட்டை விற்ற லாபத்துக்கு வரிச் சலுகை பெறுவதற்கு, விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ, விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கலாம் என்றும், புதிதாகக் கட்டுவதானால் மூன்று வருஷம் என்றும் கால வரம்பு வைத்து, இரு வழிகளையுமே ஒப்புக்கொள்கிறது.

என் அபிப்பிராயம், வாங்கும் வீட்டின் மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்த்து முடித்து அச்சாரமும் கொடுத்த பின்னரே தம் வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே. கடன் நெருக்கத்தாலோ பெண்ணின் கல்யாணத்தாலோ அவ்வாறு காத்திருக்க இயலாதவர்கள், பதிவான நாளிலேயே சுவாதீனத்தை ஒப்படைக்காமல், மூன்று மாதமோ ஆறு மாதமோ அதே வீட்டில் தங்கிக்கொள்ள வாங்குகிறவரின் சம்மதத்தைப் பெற்று, ஒப்படைக்கும் தேதியையும், அதுவரை அவர் நிறுத்தி வைத்துக்கொள்ளும் தொகையையும் ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்வது நலம். அப்படி ஒரு ஷரத்தைக் கேட்பதில் சங்கோசம் வேண்டியதில்லை. நியாயமான விலை கொடுத்து வாங்க முன்வருபவர்கள் பெரும்பாலும் அதை மறுப்பதுமில்லை.