1,008 கழஞ்சும் ஜி.எஸ்.டி. எண்ணும்

வசதி படைத்தவர் பணம் தர, மற்றவர் துணையாகும் உறவுக்கு 'சுகர் டேட்டிங்' என்ற பெயர்தான் புதிது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி நகர வீதியில் நின்று விலை கூறுகிறாள். 1,008 கழஞ்சுப் பொன் கொடுத்து அதை வாங்கி மாதவியை அடைகிறான் கோவலன். அவன் பெருவணிகன் மகன்தானா என்று யாரும் கேட்கவில்லை. ஊரறிந்த குடும்பம், எடைபோட்ட பொன்.

தேவதாசிகளை ஆதரித்த மிராசுதார்களும் ஜமீன்தார்களும் அப்படித்தான். சொத்தை மறைக்கவும் முடியாது, இல்லாததைக் காட்டவும் முடியாது. தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சட்டமன்றத்தில் எழுப்பிய குரல், 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டமானது.

முதலாளிகளின் முகம் பட்டணத்தில்தான் மங்கியது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபின் சிறுபட்டறைகள் பெருகின. கரையான்சாவடி வழியாக ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போகிறவர்களில் யார் லேத் பட்டறை வைத்திருப்பவர், யார் அதில் கூலி வாங்குபவர் என்று நெற்றியில் எழுதியிருக்காது. 'சொந்தமா பிசினஸ் பண்றேன்' என்பது, சம்பளச் சீட்டு கேட்க முடியாத பதில். பொய்யனுக்கு இதைவிட வசதி வேறென்ன!

2006இல் அமெரிக்காவில் சுகர் டேட்டிங்குக்கென்றே ஓர் இணையதளம் பிறந்தது. இந்தியாவில் திருமணத் தளங்களில் நடக்கும் மோசடிகளைத் தடுக்க 2016இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவு, வேலை தருவதாகப் பொய் சொல்லி உறவு கொண்டால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. வெறும் 'முதலாளி' பந்தாவைப் பற்றி அதில் தனியாக ஒரு சொல்லும் இல்லை.

தன்னை முதலாளி என்பவரின் ஜி.எஸ்.டி. எண் கிடைத்தால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த சேவைத் தொழிலுக்குப் பொதுவாக அந்த எண்ணே தேவையில்லை.