கைமாறிய நிலையமும் மாறிய பாட்டும்
பினாங்கு வானொலியின் வரலாறு

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம்மவர் பழமொழி. வானொலி நிலையங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இதன் உண்மை நன்கு விளங்கும். ஒரு நிலையம் கைமாறுமானால், புதிய உடைமையாளரின் பெயர்ப்பலகை ஏறுவதற்கு முன்னரே அங்கே ஒலிக்கும் பாட்டு மாறிவிடுகின்றது. நேற்றுவரை ஒரு மணி நேரம் பேசிய மொழி இன்று கால் மணி நேரத்தில் அடங்குகின்றது. எவரும் விரும்பிக் கேளாத இசை மாலைப் பொழுது முழுவதையும் நிரப்புகின்றது. இம்மாறுதல் வேண்டுமா வேண்டாவா என்று கேட்பவனை ஒருவரும் கேட்பதில்லை.

தோட்டங்களில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. விடுதலைக்கு முன்னும் பின்னும் வெள்ளையர் கம்பெனிகள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். லயத்தில் இருந்தவன் காலையில் பெரட்டுக்குப் போனபோதுதான் தன் தோட்டத்துக்கு வேறு முதலாளி வந்துவிட்டான் என்று அறிந்தான். நிலத்தின் கதை இதுவெனின், காற்றில் வரும் அலையின் கதையும் இதுவே. பினாங்குத் தீவின் வானொலியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மலாயாவுக்கு வானொலிப் பெட்டி வந்தது 1921-ம் ஆண்டில். ஜொகூர் அரசாங்கத்தின் மின்சாரப் பொறியாளராகிய பர்ச் என்பவர் அதைக் கொண்டுவந்து, ஜொகூரில் ஒரு வானொலிச் சங்கத்தையும் நிறுவினார். அதனைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் தோன்றின. அக்காலத்தில் இன்றைய பண்பலை இல்லை. வீச்சுப் பண்பேற்றம் என்னும் முறையில் செல்லும் மத்திய அலையும் சிற்றலையுமே உண்டு. பகலில் தன் வட்டாரத்தளவில் நிற்கும் மத்திய அலை, இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பிப் பல நூறு மைல் செல்லும். சிற்றலையோ கடல் கடந்தும் செல்லும். ஆகவே எல்லைக்கோடுகளை மதியாத ஒரு குரல் மனிதன் கைக்கு முதன்முறையாகக் கிட்டிற்று.

1934-ம் ஆண்டில் பினாங்கு வானொலிச் சங்கம் இசட்.எச்.ஜே. என்ற அடையாளத்துடன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளும் அதில் இடம்பெற்றன. இங்கே வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்நிலையம் அரசாங்கத்தினுடையதன்று, இலாபம் கருதிய கம்பெனியினுடையதும் அன்று. வானொலியில் ஆர்வமுள்ளோர் கூடி அமைத்த சங்கத்தினுடையது. கேட்பவனே உடைமையாளன் என்ற நிலை, முழுமையாக இல்லாவிடினும் ஓரளவேனும், அன்று இருந்தது. ஜார்ஜ் டவுனின் கடைத்தெருக்களில் நான்கு மொழிகளும் வழங்கின; ஆதலின் நான்கு மொழிகளும் நிலையத்தில் ஒலித்தன. தமிழுக்கு அங்கே கிடைத்த நேரம் எவரும் இட்ட பிச்சையன்று, ஊரின் இயல்பு.

இதே காலத்தில் தாய்நாட்டில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலானோர் 1924-ம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடையினால் 1927-ல் கழகம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. அதன் கருவி சென்னை நகராண்மைக் கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது. நகராண்மைக் கழகம் 1930 ஏப்ரல் 1 முதல் மாலைதோறும் இசையை ஒலிபரப்பியதோடு, தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும் சேர்த்தது. ஆர்வலர் கையிலிருந்து நகரசபை கைக்கு வந்தவுடன் நிகழ்ச்சியிலும் நகரசபையின் கடமை புகுந்ததைக் காண்க. பின்னர் 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தபோது நகராண்மைக் கழகத்தின் ஒலிபரப்பு முடிவுற்றது.

அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு நிகழ்ந்தது யாது? 1940-ம் ஆண்டில் ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாது என்று முடிவு செய்து, அகில இந்திய வானொலி அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஏழை எளியவன் கேட்டு மகிழ்ந்த கருவி, அதிகாரிகளின் ஓர் ஆணையால் ஊமையாயிற்று. அத்தடை தளரத் தொடங்கியது 1971-ம் ஆண்டில்தான். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. 1941-ல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாட்டைத் தொடர்ந்து, கச்சேரி மேடையிலும் வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டுமென்ற கிளர்ச்சி எழுந்தது. 1943-ல் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. கேட்போர் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினால் எஜமானரின் செவியிலும் அது விழும் என்பதற்கு இக்கிளர்ச்சி சான்று.

மலாயாவுக்குத் திரும்புவோம். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்ற கம்பெனி, கால்டிகாட் குன்றில் கட்டிய நிலையத்தை 1937 மார்ச்சு மாதத்தில் கவர்னர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தார். போர் மூண்டதும், 1940-ம் ஆண்டில் அரசாங்கம் அதனைத் தன் வசமாக்கிற்று. பாட்டுக்கென்று அமைந்த நிலையம் போர்ச் செய்தியின் ஊதுகுழலாயிற்று.

பினாங்கின் முறை 1941 டிசம்பரில் வந்தது. டிசம்பர் 11-ல் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு மாரி பொழிந்தன. நகரம் பிணக்காடாயிற்று. டிசம்பர் மாத நடுவில் ஐரோப்பியர் கப்பலேறிச் சென்றனர், ஆசியமக்கள் கைவிடப்பட்டனர். கோட்டைக் கொத்தளத்தில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியரும் இலங்கையில் பிறந்தவருமாகிய மாணிக்கசோதி சரவணமுத்து அவர்களே அவர். நகரைக் காக்க அமைந்த குழுவுக்கு அவர் தலைவராயிருந்தார். வெள்ளையர் நீங்கிவிட்டனர், இனிக் குண்டு வீச வேண்டா என்ற செய்தி அந்நாளில் பினாங்கு நிலையத்தின் வழியாகவே வெளிப்பட்டது. ஓடியவர்கள் நிலையத்தை உடைக்காமல் விட்டுச் சென்றிருந்தனர். பழைய எஜமானர் போய்ப் புதிய எஜமானர் வாராத அவ்விடைவெளியில், ஓரிரு நாள் நிலையம் ஊர்மக்கள் கையில் இருந்தது. அப்பொழுது அது பாட்டிசைக்கவில்லை. ஊராரின் உயிருக்காகப் பேசிற்று.

டிசம்பர் 19-ல் ஜப்பானியர் தீவினுள் நுழைந்தனர். உடையாதிருந்த நிலையம் அவர்கள் கையில் விழுந்தது. பினாங்கின் குரலே சிங்கப்பூரை ஏளனஞ் செய்யும் குரலாக மாறிற்று. இதனினும் விரைவான மாற்றத்தை எந்நாட்டு வானொலி வரலாற்றிலும் காண்பது அரிது. தொடர்ந்து கடிகாரமே மாறியது. டோக்கியோ நேரத்துக்கேற்ப மலாயாவின் மணி ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. ஆங்கில, அமெரிக்க இசை விலக்கப்பட்டது. ஜப்பானியப் பாட்டுகளும் படைநடைப் பாட்டுகளும் புகுந்தன. வெளிநாட்டுச் செய்தியைக் கேளாதபடி வானொலிப் பெட்டிகளில் சிற்றலை வாங்கும் பகுதி முடக்கப்பட்டது. மீறிக் கேட்டவன் கடுந்தண்டனைக்குள்ளானான். பாட்டை மாற்றுவது மட்டும் போதாதென்று செவியையும் பூட்டினர்.

தமிழுக்கு அக்காலத்திலும் இடமிருந்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்தபின், ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் முழங்கிற்று. தோட்டத்து இளைஞர் பலர் அக்குரலைக் கேட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஆயினும் அதே ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பசியிலும் மாண்டனர். நம் மொழி ஒலிப்பதால் மட்டும் நிலையம் நம்முடையதாகிவிடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

1945 செப்டம்பர் 3-ல் பிரிட்டிஷ் படை மீண்டும் பினாங்கில் இறங்கிற்று. 1946 ஏப்ரல் 1-ல் மலாயா, சிங்கப்பூர் இரண்டுக்குமாக ஒலிபரப்புத் துறை ஒன்று அமைந்து, ரேடியோ மலாயா பிறந்தது. இதனால் வசதி பெருகிற்று. ஆனால் 1934-ல் சங்கத்தார் தாமே திட்டமிட்ட பினாங்கு நிகழ்ச்சி இப்பொழுது தலைமை நிலையத்தின் கிளையாகச் சுருங்கிற்று. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமான பின்னர், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் அதனருகே கூடித் தமிழ்ப் பாட்டுக் கேட்டனர். பாட்டுக்கு நடுவே அரசாங்கத்தின் செய்தியும் வந்தது. அச்செய்தியின் பொருட்டே பெட்டி வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் வந்த பெட்டியில் தமிழ் நிலைபெற்றது.

1957-ல் நாடு விடுதலை பெற்றது. 1959 தொடக்கத்தில் ரேடியோ மலாயாவின் தலைமையகம் கோலாலம்பூருக்கு மாறிற்று. 1963-ல் அது ரேடியோ மலேசியா ஆயிற்று. தமிழ்ப் பகுதி சிவப்பு அலைவரிசை எனவும், பின் ஆறாம் வானொலி எனவும், அதன்பின் மின்னல் எனவும் பெயர்கள் பெற்றது. பெயர் பலவாயினும் மொழி நீங்கவில்லை. நான்கு மொழிக்கும் தனித்தனி அலைவரிசை என்பது அரசாங்கத்தின் கொள்கையாக வகுக்கப்பட்டமையே அதற்குக் காரணம். ஒருவரின் தயவில் நிற்பதற்கும் கொள்கையின் பலத்தில் நிற்பதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

நிற்க. கைமாற்றம் எப்பொழுதும் கேடே என்று எண்ணுதல் பிழை. இலங்கையைப் பாருங்கள். 1925-ல் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, போர்க்காலத்துத் தென்கிழக்காசியப் படைத்தலைமையின் வலிமை மிக்க நிலையத்தை 1949-ல் பெற்று, ரேடியோ சிலோன் எனப் புகழடைந்தது. போருக்கென வந்த கருவி பாட்டுக்கு உதவிற்று. 1952-ல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டைக் குறைத்தபோது, இந்திய மக்கள் திருகை இலங்கைப் பக்கம் திருப்பினர். மயில்வாகனனார் போன்ற அறிவிப்பாளரின் தமிழ் கடல் கடந்து ஒலித்தது. ஐந்தாண்டுக்குள், 1957-ல், இந்திய அரசாங்கம் விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு வழிவிட நேர்ந்தது. நம் நாட்டிலும் 1994-ல் தோன்றிய டைம் ஹைவே ரேடியோ என்னும் தனியார் நிலையம், பின்னர் ஆஸ்ட்ரோ குழுமத்தின் கைக்கு மாறியபோது, அதன் ஒரு பகுதி ராகா என்னும் முழுத் தமிழ் நிலையமாயிற்று. அக்கைமாற்றத்தால் தமிழ் ஆதாயமே பெற்றது.

ஆனால் ஆதாயமும் நட்டமும் இரண்டுமே நம்மைக் கேளாமல் வந்தவை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் என் போன்றோர்க்கு இது எளிதில் விளங்கும். வரவாயினும் செலவாயினும், பிறன் பேரேட்டில் எழுதப்படும் தொகை நம்முடைய தொகையாகாது. இலாபம் குறையுமென்று கண்டால் இன்று கொடுத்த தமிழை நாளை எடுத்துக்கொள்ள உடைமையாளனுக்குத் தடையில்லை. பணம் போட்டவன் பாட்டைத் தேர்கிறான், இதிலென்ன குற்றம் என்று சிலர் கேட்பர். குற்றமில்லைதான். அங்ஙனமாயின், நாம் ஏன் பணம் போட்டவராக இருத்தலாகாது என்பதே என் கேள்வி.

நிலத்தின் விஷயத்தில் இக்கேள்விக்கு நம்மவர் விடை கண்டிருக்கின்றனர். துண்டாடலால் தோட்டத் தமிழர் தெருவில் நின்ற காலத்தில், 1960-ம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். கூலியாய் இருந்தவன் பங்காளியானான். 1934-ல் பினாங்கு வானொலிச் சங்கம் காட்டிய வழியும் இதனின் வேறன்று. அன்று ஒலிபரப்புக் கருவி அரிய பொருள். இன்றோ இணையவழி ஒலிபரப்புக்கு உயர்ந்த கம்பமும் வேண்டா, அலைவரிசையும் வேண்டா. ஓர் அறையும் சில கருவிகளும் இடையறாத உழைப்பும் போதும். கூட்டுறவாய்ச் சேரும் மனம் ஒன்றே குறை.

ஆகவே நகரத்துத் தமிழரும் தோட்டத்துத் தமிழரும் இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டும். அரசாங்க அலைவரிசையில் தமிழுக்குள்ள இடம் சலுகையன்று, வரி கொடுக்கும் குடிகளின் உரிமை என்பதை இடைவிடாது எடுத்துரைத்துக் காத்தல் ஒன்று. சங்கமாகக் கூடி, நம் பாட்டையும் நம் பேச்சையும் நாமே திட்டமிடும் ஒலிபரப்பை நடத்துதல் மற்றொன்று. பழைய பினாங்கு நிலையத்தில் தமிழில் பாடியவர் யார், பேசியவர் யார் என்று அறிந்த முதியோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். ரேடியோ மலாயாக் காலத்துப் பொதுப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட பாட்டன்மாரும் பாட்டிமாரும் இன்னும் நம்மிடையே சிலர் உளர். அவர்கள் நினைவில் உள்ளவற்றைக் கேட்டு எழுதிவைப்பதிலிருந்தே அச்சங்கங்கள் தம் வேலையைத் தொடங்கலாம். இளைஞர்கள் முன்வருவார்களாக.