சுரங்க நகரமும் பதின்மூவர் ஆட்டமும்: பெதர்ஸ்ரன் றோவேர்ஸ் கழகத்தின் வரலாறு

விளையாட்டுக் கழகங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆட்டக்காரர் கிழமை நாட்களில் என்ன தொழில் செய்தனர், ஆட்டத்திற்காக இழந்த நாட்கூலியை யார் ஈடுசெய்தனர் என்னும் வினாக்கள் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயின் இங்கிலாந்தின் வடபகுதியிற் பிறந்த பதின்மூவர் றகர் ஆட்டத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்களே அதன் தோற்றத்திற்குக் காரணமாயின. யோர்க்சயரிலுள்ள பெதர்ஸ்ரன் என்னும் சிறு சுரங்க நகரின் கழகத்தை நோக்குமிடத்து இது நன்கு புலனாகும்.

1893ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. நிலக்கரியின் விலை வீழ்ந்ததைக் காரணங்காட்டிக் கூலியில் நான்கிலொரு பங்கைக் குறைக்க முற்பட்ட சுரங்க முதலாளிகள், அதற்கு இணங்காத தொழிலாளர்மீது கதவடைப்பை விதித்திருந்தனர். செப்டெம்பர் 7ஆம் நாள் பெதர்ஸ்ரன் அக்ரன் ஹோல் சுரங்கத்தின் முன் திரண்ட மக்கள்மீது படையினர் சுட்டனர். ஜேம்ஸ் கிப்ஸ், ஜேம்ஸ் டக்கன் என்னும் இருவர் மாண்டனர். அரசு அமைத்த விசாரணைக்குழு படையினர்மீது குற்றமில்லை எனக் கண்டது. பதின்மூன்று நாட்களின் பின், இலண்டனில் கூடிய றகர் ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் யோர்க்சயர்க் கழகங்கள் ஒரு கோரிக்கையை முன்வைத்தன. ஆட்டத்திற்காக வேலையை விட்டுவரும் தொழிலாளிக்கு அவன் இழந்த நேரத்திற்குரிய கூலியைக் கழகம் கொடுக்க அனுமதிக்க வேண்டும் என்பதே அது. 136 வாக்குகள் ஆதரவாகவும் 282 வாக்குகள் எதிராகவும் விழ, அக்கோரிக்கை தோற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே நேரடித் தொடர்பில்லை. எனினும் ஒரே வர்க்கத்தின் கூலியே இரண்டிலும் வழக்குப் பொருளாயிற்று. சனிக்கிழமையின் ஊதியத்தை இழந்தாலும் குடும்பம் பட்டினி கிடவாத கனவானுக்குக் ‘கூலியின்றி ஆடுதல்’ ஓர் அறமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வறத்தின் செலவை ஏற்றவன் சுரங்கத் தொழிலாளியே.

1895 ஓகஸ்ட் 29இல் ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய யோர்க்சயர், லங்காசயர்க் கழகங்கள் பிரிந்து வடக்கு ஒன்றியத்தை நிறுவின. நாளொன்றுக்கு ஆறு சிலிங் இழப்பீடு அனுமதிக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டம் 1898இல் ஏற்கப்பட்டபோதும், ஆட்டக்காரன் வேறொரு தொழிலும் செய்தாக வேண்டும் என்ற விதி சில காலம் நீடித்தது. ஆட்ட விதிகளும் மாறின. 1906இல் ஆட்டக்காரர் தொகை பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைந்தது. துரைமாரும் ஆங்கிலப் பாடசாலைகளும் நம் நாட்டிற்குக் கொணர்ந்தது மறுபக்கத்தினரின் பதினைவர் ஆட்டமே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. சுரங்கத் தொழிலாளியின் ஆட்டம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறவில்லை.

பெதர்ஸ்ரன் றோவேர்ஸ் கழகம் 1902இல் உருவாயிற்று. இருபது ஆண்டுகள் வரை சிறு போட்டிகளில் ஆடியபின் 1921இல் மேல்நிலை லீக்கிற் சேர்க்கப்பட்டது. சேர்ந்து ஏழாண்டுகளுக்குள், 1928இல், சம்பியன் இறுதியாட்டத்தை எட்டிச் சுவின்ரன் கழகத்திடம் 11–0 எனத் தோற்றது. லீட்ஸ், பிரட்போர்ட் போன்ற பெருநகரக் கழகங்கள் பணங்கொடுத்து ஆட்டக்காரரை வாங்கின. பெதர்ஸ்ரனோ அவர்களைத் தன் தெருக்களிலும் அயற்கிராமங்களிலும் கண்டெடுத்துப் பலவேளை பெருநகரங்களுக்கு விற்றுக் காலந்தள்ளியது. சுரங்கவாயிலில் நின்று விசிலடித்தால் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் மேலே வருவான் என்றொரு வழக்கு வடபகுதியில் உண்டு. இரசிக்கத்தக்க கூற்றாயினும், நிலத்தடியில் எட்டுமணிநேரம் உழைத்த உடல் மாலையில் மைதானத்திற்கும் கொடுக்கப்பட்டது என்பதை அது மறைத்துவிடுகிறது.

ஆட்டக்காரருள் பொக்ஸ் சகோதரர் தனித்துக் கூறத்தக்கவர். அயலிலுள்ள ஷார்ள்ஸ்ரன் என்னும் சுரங்கக் கிராமத்தவர் அவர்கள். மூவரில் இளையவரான நீல், வேக்பீல்ட் கழகத்திற் புகழ்பெற்று, ஆட்ட வாழ்வில் 6,220 புள்ளிகளைப் பெற்றார். மூத்தவர் பீற்றரும் நடுவர் டொனும் பெதர்ஸ்ரனில் ஆடினர். 1953 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கழகத்திற்கு ஆடிய டொன் 162 ட்ரைகளைப் போட்டவர். ஆயினும் வேக்பீல்டுக்கு மாறியபின், 1968ஆம் ஆண்டு வெம்பிளி இறுதியாட்டத்தின் கடைசி உதையைக் கொண்டே உலகம் அவரை நினைத்தது. நீர் தேங்கிய மைதானத்தில், கம்பங்களுக்கு நேரெதிரே வைத்த பந்தை அவர் தவறவிட, லீட்ஸ் 11–10 என வென்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் ரொட் கிண்ணமும் அவருக்கே கிடைத்தது. அவ்வொரு கணத்தைக் கொண்டு அம்மனிதரை அளப்பது நீதியன்று. தமையன் பீற்றர் பயிற்றுநராகி, 1973இல் பிரட்போர்ட் நோதேர்ணை 33–14 என வீழ்த்திப் பெதர்ஸ்ரனுக்குச் சவால் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார்.

அக்கிண்ணம் அதற்கு முன்னரும் 1967இல் பரோ கழகத்தை 17–12 என வென்று பெறப்பட்டதே. ஆயினும் ஊரவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது 1983ஆம் ஆண்டு வெற்றியே. எதிரணியாகிய ஹல் அவ்வாண்டின் லீக் சம்பியன். பெதர்ஸ்ரனோ பட்டியலின் கீழ்ப்பாதியிற் கிடந்தது. டேவிட் ஹொப்ஸ் இரு ட்ரைகளைப் போட, புள்ளிகள் 12–12 எனச் சமமாயின. இறுதி நிமிடங்களிற் கிடைத்த பெனால்ரி உதையை ஸ்ரீவ் குவின் கம்பங்களுக்கிடையே செலுத்தினார். 14–12.

மறு ஆண்டு மார்ச்சில் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் தொடங்கி, ஓராண்டின் பின் தோல்வியில் முடிந்தது. 1985 ஜூலையில் அக்ரன் ஹோல் சுரங்கம் மூடப்பட்டது. ஆட்டக்காரரை ஈன்றதும், அரங்கிற்கு வந்தோர் சட்டைப்பையில் நுழைவுப் பணத்தை வைத்ததும் அச்சுரங்கமே. பத்தாண்டுகளின் பின் வந்த அடி வேறுவகையானது. 1995 ஏப்ரலில், மேர்டொக்கின் தொலைக்காட்சிப் பணத்தைப் பெற்று ‘சுப்பர் லீக்’ அமைக்க முன்வந்த நிர்வாகம், பெதர்ஸ்ரன், காசில்போர்ட், வேக்பீல்ட் ஆகிய மூன்றையும் இணைத்துக் ‘கால்டர்’ என்ற ஒரே கழகமாக்கத் திட்டமிட்டது. கணக்கேட்டில் மூன்றும் சில மைல் இடைவெளியிலுள்ள சிறு சந்தைகள்; ஊரவருக்கோ தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று எதிர்த்து நின்ற ஊர்கள். எதிர்ப்பு எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது.

பெயர் தப்பியது, இடம் தப்பவில்லை. 1996இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் பெதர்ஸ்ரனுக்கு இடமளிக்கப்படவில்லை. பாரிஸ் நகருக்கென்று புதிதாக ஆக்கப்பட்ட கழகமொன்று அதில் இடம்பெற்றது. 1998இல் மேலேறும் வாய்ப்பு இரண்டே புள்ளிகளால் வேக்பீல்டிடம் பறிபோயிற்று. 2011இல் பெதர்ஸ்ரன் இரண்டாம் நிலைப் பிரிவின் இறுதியாட்டத்தில் ஷெபீல்டை 40–4 என வென்றது. ஆனால் அப்போது மேலேறுவதை முடிவுசெய்தது வெற்றியன்று, நிர்வாகம் வழங்கிய உரிமப் பத்திரம். அது பெதர்ஸ்ரனிடம் இருக்கவில்லை.